மகாசபை அனுமதி தராத மழை

பொறாமைப்படாத மனிதன் என்று யாராவது இருந்தால் காட்டுங்கள். அவனைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, பெரிய திருட்டைப் பிடித்துவிட்டதுபோல் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். அந்த வேலையை என் மனைவி இவோனெச்சி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

என் பெயர் ஜுராந்திர். சாவோ பாவ்லோவின் தெற்கே சாந்து அமாருவில் ஒரு மெத்தைக் கடையில் விற்பனையாளன். நவம்பரில் கிராண்ட் பிரி பந்தயம் நடக்கிற வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் நான் வேறு ஆள். ஆரஞ்சு உடுப்பு மாட்டிக்கொண்டு, ஓடுதளத்தின் ஆறாவது காவல் மேடையில் கொடிகளோடு நிற்பேன். மேடைக்கு எதிரே இருக்கும் வளைவுக்குச் சோப்பு வளைவு என்று பெயர்; ஏன் என்று வழுக்கி விழுந்த ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, மொர்த்தடெல்லா இறைச்சி வைத்த ரொட்டி, கார்கள் முகத்தில் அடித்துவிட்டுப் போகும் சேறு, இவ்வளவுதான் வரும்படி. ஆனால் உலகத்திலேயே வேகமான இருபது பேர் என் கையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறார்கள். மெத்தை விற்கிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

இந்தப் பெருமையை நானே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். லிந்தோமாரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் இவோனெச்சியின் அண்ணன். லிப்ட் பழுது பார்க்கிறவன். அவனைப் பின்பக்க நேர்சாலையில் போட்டார்கள். அங்கே எதுவுமே நடக்காது. கார் வரும், போகும். வருடக்கணக்காக அவன் பச்சைக் கொடியை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காய்ந்தான்.

பந்தயத்தை முடித்துவைக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை வழக்கமாக ஒரு நடிகையோ, கால்பந்துக்காரரோ, மந்திரியோ வந்து ஆட்டுவார்கள். இந்த வருடம் மோட்டார் பந்தய மகாசபைக்கு ஏதோ விழா ஆண்டு. அதனால் தொண்டர்களில் ஒருவனுக்கு அந்தக் கொடி என்று அறிவித்தார்கள். தேர்வுக் குழு எங்கள் எல்லோருடைய பழைய பதிவேட்டையும் அலசியது. சோப்பு வளைவில்தான் கார்கள் அதிகம் விழுந்திருக்கின்றன. ஆகவே நான் விபத்துக்குப் பெயர் போனவன். லிந்தோமார் நின்ற இடத்தில் ஒரு கார்கூட விழுந்ததில்லை. ஆகவே அவன் பாதுகாப்பின் சின்னம். கொடியை அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

எங்கள் தெருவில் குறுக்கே துணிப் பதாகை கட்டினார்கள். 'லிந்தோமார், உலகம் உன் கையில்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கயிற்றின் ஒரு முனை மின்கம்பத்தில், மறுமுனை என் வீட்டு ஜன்னல் கம்பியில். முடிச்சுப் போட்டவள் என் மனைவி.

“வயிறு எரியுதா, ஜூரா? ஜீரண உப்பு கரைச்சுத் தரட்டா?” என்றாள்.

“எனக்கென்ன எரிச்சல்? உங்கண்ணன் எனக்கும் அண்ணன் மாதிரிதான்.”

“அப்ப முடிச்ச ஏன் அவுக்குற?”

காற்றில் இறுகிவிட்டது, கொஞ்சம் தளர்த்துகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கழுத்தட்டை கொடுத்தார்கள். எங்கள் மகாசபையில் மனிதனை முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை; அட்டையின் நிறத்தை வைத்துத்தான். எனக்கு வழக்கம்போல் ஆரஞ்சு. அதை வைத்துக்கொண்டு மேடைக்குப் போகலாம், மேடைக்குப் பின்னால் உள்ள கழிப்பறைக்குப் போகலாம். முன்னால் உள்ள கழிப்பறைக்கு நீல அட்டை வேண்டும். நீல அட்டைக்காரர் பச்சை அட்டைக்காரரோடு பேசலாம், பச்சை அட்டைக்காரர் பதில் சொல்ல வேண்டியதில்லை. லிந்தோமாருக்குத் தங்க நிறம். அவன் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள்ளேயே போகலாம். அங்கே சூடான சாப்பாடு உண்டு.

பிறகு தொடக்க விழா. தலைவர் டாக்டர் எர்சீலியு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றார். எங்கள் ஊரில் கோட்டுப் போட்டவரெல்லாம் டாக்டர்தான். ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த பெரிய மனிதர்கள் ஓடுதளத்தை அடுத்த ஏரிக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வரும் வானத்தை ஒருமாதிரியாகப் பார்த்தபடி இருந்தார்கள். அது டாக்டரின் கண்ணில் பட்டுவிட்டது.

“மதிப்புக்குரிய விருந்தினர்களே, இந்த மூன்று நாளும் மழை பெய்யாது. இதை நான் வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பதவியில் இருந்துகொண்டு சொல்கிறேன். எங்கள் மகாசபை இதுவரை ஒரு தவறுகூடச் செய்ததில்லை. எங்களைப் பற்றி நாங்களே நடத்திய எல்லா விசாரணைகளிலும் இது நிரூபிக்கப்பட்டிருக்கிறது.”

எல்லோரும் கை தட்டினோம். கைதட்டல் ஓயும்போது முதல் சொட்டு ஒலிபெருக்கி மேல் விழுந்தது. தட்டல் சத்தம் நின்ற பிறகும் அதே சத்தம் தொடர்ந்து கேட்டது, அது மழை.

சாதாரண ஊராக இருந்தால் மழை என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்திருப்பார்கள். ஆனால் தலைவர் பெய்யாது என்று சொல்லி, அதற்குக் கை தட்டியும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் பெய்தால் அது மழையின் ஒழுங்கீனம். சற்று நேரத்தில் எங்கள் காதுக்கருவியில் ஒரு சுற்றறிக்கை வாசித்தார்கள். மழையை அறிவிக்கும் அதிகாரம் கோபுரத்துக்கு மட்டுமே உண்டு. குடை பிடிப்பது வானிலை பற்றித் தனிப்பட்ட கருத்து தெரிவிப்பதாகும். எனவே கோபுரத்தின் பார்வை படும் இடங்களில் குடை தடை செய்யப்படுகிறது. கோபுரம் உயரமானது. அதன் பார்வை படாத இடம் மேடைக்குப் பின்னால் உள்ள கழிப்பறை மட்டும்தான்.

மழைமானி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஐரோப்பாவில் செய்தது, நல்ல விலை. நனைந்து கெட்டுவிடக் கூடாது என்று பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அதில் மழையின் அளவு சுழியம் என்றுதான் காட்டியது; அதையும் காதுக்கருவியில் வாசித்தார்கள்.

என்னோடு ஆறாவது மேடையில் தீயணைப்புக் குழலோடு நிற்பவர் தோனா நெய்ஜி. கல்யாண கவுன் தைக்கிறவர், வாயும் ஊசிதான். தலையில் குப்பை போடும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

“புனித கிளாராவுக்கு முட்டை நேர்ந்துக்கிட்டா மழை நின்னுடும்னு எங்கம்மா சொல்லுவாங்க,” என்றார். “இவங்க நேர்ந்துக்க மாட்டாங்க. நேர்ந்துக்கிட்டா மழை பெய்யுதுன்னு ஆயிடும்ல.”

அவர் சொன்னது தப்பு. மறுநாள் காலையில் தொண்டர் கூடாரத்தில் முட்டை இல்லை. கேட்டால், இருந்த முட்டையெல்லாம் மகாசபை வண்டியில் புனித கிளாராவின் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டது என்றார் சமையல்காரர். ரசீதில் 'வறட்சி நிவாரணம்' என்று போட்டிருந்ததாம்.

சனிக்கிழமை தகுதிச் சுற்று. சோப்பு வளைவில் தண்ணீர் ஓடையாக ஓடியது. முதலில் வந்த கார் பம்பரம்போல் சுற்றிக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. எங்கள் வேலையில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. சிவப்பு மஞ்சள் பட்டை போட்ட கொடியை நீட்டினால் தளம் வழுக்குகிறது என்று பொருள். அதோடு இன்னொரு கையின் விரலை வானத்தை நோக்கிக் காட்டினால், வழுக்குவது எண்ணெயால் அல்ல, மழையால் என்று பொருள். ஓட்டுநருக்கு அது உயிர்ப்பிரச்சினை. இதை நான் யோசித்துச் செய்வதில்லை. தும்மல் வந்தால் வாயை மூடுகிறோமே, அதுபோலத்தான். இடது கையில் கொடியை நீட்டினேன். வலது கை ஆள்காட்டி விரல் தானாக மேலே போய்விட்டது.

உலகத் தொலைக்காட்சி என் விரலைப் பெரிதாக்கிக் காட்டியது. அடுத்த கார் என் விரலைப் பார்த்து மெதுவாக வளைந்து பத்திரமாகப் போயிற்று. அதற்கடுத்த நிமிடம் காதுக்கருவியில் என்னைக் கோபுரத்துக்கு வரச் சொன்னார்கள். ஆரஞ்சு அட்டைக்காரன் கோபுரத்துக்குள் நுழைய முடியாது என்று வாசலில் தடுத்தார்கள். விசாரணைக்காக வருகிறேன் என்றதும் ஒரு சாம்பல் அட்டை கொடுத்தார்கள். குற்றவாளிகளுக்கும் ஒரு நிறம் வைத்திருந்தார்கள்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெரிய மேசைக்குப் பின்னால் டாக்டர் எர்சீலியு உட்கார்ந்திருந்தார். மூலையில் தங்க அட்டையோடு லிந்தோமார், கையில் கோழிக்கறி வைத்துப் பொரித்த கொஷின்யா. அதிலிருந்து ஆவி வந்தது. என் வயிற்றில் அன்று காலையிலிருந்து ஈர ரொட்டிதான். அந்த ஆவியைப் பார்த்தபோது, இவனை அழைத்துவந்து சேர்த்த நாளைத் திட்டினேன்.

“உங்க விரல் எங்க இருந்துச்சு?” என்று டாக்டர் ஆரம்பித்தார்.

“கையிலதான், டாக்டர்.”

“எந்தப் பக்கம் பாத்துச்சு?”

“மேல.”

“மேல என்ன இருக்கு?”

கண்ணாடியைப் பார்த்தேன். லிந்தோமார் வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினான். எதற்கும் ஒத்துவரக்கூடிய பதிலாக, மேலே புனித பேதுரு இருக்கிறார் என்றேன். மழையின் சாவி அவரிடம்தான் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். டாக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் ஒரு பட்டியலைப் புரட்டிவிட்டு, புனித பேதுரு மகாசபையின் உறுப்பினர் அல்ல என்றார்.

டாக்டர் கோபப்படவில்லை. எனக்குப் புரியவைக்க வேண்டும் என்கிற கரிசனத்தோடு முன்னால் சாய்ந்தார்.

“இங்க பாருங்க, மழை பெய்யலாம். பெய்யக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா பெய்யுதுன்னு சொல்ற அதிகாரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கு. நீங்க நிக்கறது அந்தப் பக்கம். நனையறவங்கல்லாம் மழைன்னு சொல்ல ஆரம்பிச்சா, நனையாம இங்க நாங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?”

நல்ல கேள்விதான்.

தீர்ப்பு உடனே வந்தது. என் வலது கை ஆள்காட்டி விரல் போட்டி முடியும்வரை பணியிடை நீக்கம். மற்ற ஒன்பது விரல்களும் வேலைக்கு வரலாம். விரலைச் சுற்றி வெள்ளைத் துணி நாடாவைச் சுற்றி, மேலே மகாசபையின் முத்திரையை ஒட்டினார்கள். விரலை மடக்கினால் முத்திரை கிழிந்துவிடும் என்று யாரோ சொல்ல, மடங்காதபடி உள்ளே ஒரு மரச்சிம்பும் வைத்துக் கட்டினார்கள். கையைத் தொங்கவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விரல் எப்போதும் பூமியைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு.

படியிறங்கும்போது லிந்தோமார் பின்னாலேயே ஓடிவந்தான்.

“மச்சான், உனக்காக எவ்வளவோ பேசிப் பாத்தேன். கையையே கட்டணும்னாங்க. கெஞ்சினதுல விரலோட போச்சு.”

காகிதத்தில் சுற்றி ஒரு கொஷின்யாவையும் என் பையில் வைத்தான். இதுதான் லிந்தோமார். என் இடத்தையும் எடுத்துக்கொள்வான், நான் நன்றி சொல்லவும் வைத்துவிடுவான். மேடைக்குப் போய் அதைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை இன்னும் வலுத்தது. பார்வையாளர்கள் பிளாஸ்டிக் அங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் விற்கிறவர்கள் அதை 'கண்ணாடிச் சட்டை' என்று கூவி விற்றார்கள், மழைக்கோட்டு என்றால் பறிமுதல். முடிவுக்கோட்டுக்கு மேலே ஒரு சின்னப் பரணில் லிந்தோமார் காலையிலிருந்தே நின்றான். தொலைக்காட்சிக்கு அவன் நிற்கும் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நிற்க வைத்தவர்கள், இறங்கச் சொல்ல மறந்துவிட்டார்கள். தங்க அட்டைக்காரன் தலைக்கு மேல் குடை பிடித்தால் அது கோபுரமே குடை பிடித்த மாதிரி ஆகிவிடும் என்று அதையும் தடுத்துவிட்டார்கள். பெரிய திரையில் அவனை அடிக்கடி காட்டினார்கள். மக்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

“பாவம், நடுங்கறான்,” என்றார் தோனா நெய்ஜி.

“பெருமையில நடுங்கறான்,” என்றேன்.

பந்தயம் தொடங்கியது. மழை இல்லாததால் நிறுத்த முடியாது. தண்ணீர் இருந்ததால் ஓட்டவும் முடியாது. எனவே வழிகாட்டிக் காரை முன்னால் விட்டு, இருபது பந்தயக் கார்களையும் அதன் பின்னால் ஊர்வலமாக விட்டார்கள். தளத்தில் தூசி அடங்குவதற்காக இந்த ஏற்பாடு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. வழிகாட்டிக் காரை யாரும் முந்தக் கூடாது, அது போகிற வழியே போக வேண்டும் என்பது விதி. சுற்றுக்கு மேல் சுற்றாகப் போனார்கள். மாட்டுவண்டி வேகத்தில் போகும் அந்தக் கார்களைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ஆனைக்கும் அடி சறுக்கும். எத்தனையாவது சுற்றோ தெரியவில்லை, வழிகாட்டிக் கார் சோப்பு வளைவில் நேராக வழுக்கிக்கொண்டு போய், புல்லைத் தாண்டிச் சேற்றில் இறங்கி, அங்கேயே நின்றது. முதலிடத்தில் வந்த கார் ஒரு கணம் தயங்கியது. முந்தினால் தண்டனை. வேறு வழியில் போனாலும் தண்டனை. ஓட்டுநர் மெல்லச் சேற்றில் இறங்கி அதன் பின்னால் நின்றார். இரண்டாவது காரும் இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது. கடைசி ஆளுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அவர் யோசித்துவிட்டுத்தான் இறங்கினார். இருபது கார்களும் வரிசை கலையாமல் என் எதிரே சேற்றில் நின்றன.

“ஏதாவது கொடி காட்டேன், ஜூரா,” என்றார் தோனா நெய்ஜி.

“எந்தக் கொடிய? வழுக்குதுன்னு காட்டலாம். எதனால வழுக்குதுன்னு காட்டத்தான் விரல் இல்ல.”

கோபுரத்துக்குத் தகவல் சொன்னேன். எல்லாக் காரும் என் வளைவில் சேற்றில் நிற்கிறது என்றேன்.

“வரிசை மாறியிருக்கா?” என்று டாக்டரின் குரல் கேட்டது.

“இல்ல, டாக்டர்.”

“அப்ப பந்தயம் நல்லபடியா நடந்துட்டுதான் இருக்கு.”

பந்தயத்துக்கென்று ஒரு கால வரம்பு உண்டு. அது தீரும்போது முதலிடத்தில் இருப்பவருக்குக் கட்டக் கொடி காட்டியே ஆக வேண்டும். காட்டாவிட்டால் பந்தயம் முடியாது, முடியாவிட்டால் பரிசளிப்பு இல்லை, பரிசளிப்பு இல்லாவிட்டால் டாக்டர் பேச முடியாது. அதனால் மகாசபை அவசரமாகக் கூடி முடிவெடுத்தது. கார் கொடியிடம் வர முடியாவிட்டால், கொடி காரிடம் போக வேண்டும்.

சற்று நேரத்தில் திறந்த வண்டி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு என் மேடையை நோக்கி வந்தது. நடுவில் லிந்தோமார் கொடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். பின்னால் இன்னொரு வண்டி நிறையப் படக்காரர்கள். இத்தனை வருடம் நான் ஏங்கிய கொடி, என் வளைவுக்கே, என் மேடைக்கே வருகிறது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஆனால் மச்சான் தோளில் உட்கார்ந்து வந்தது. என் வாழ்நாளில் எனக்கு அவ்வளவு எரிந்ததில்லை. அந்த எரிச்சலை வெளியே எடுத்திருந்தால் ஓடுதளமே காய்ந்திருக்கும்.

அவன் ஏணியில் ஏற முடியாமல் ஏறினான். உதடு நீலமாக இருந்தது. தங்க அட்டை முதுகுப் பக்கம் போய்த் தொங்கியது.

“மச்சான், கை வரல,” என்றான்.

“சும்மா வெளையாடாத.”

“விரலெல்லாம் மரத்துப்போச்சு. கம்புல அப்படியே ஒட்டிக்கிச்சு. தூக்கவே முடியல. நேரமாயிடுச்சு, நீ ஆட்டு.”

கோபுரம் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் சும்மா நின்றுவிடலாமா என்று தோன்றியது. எனக்குக் கிடைக்காதது அவனுக்கும் கிடைக்காமல் போகட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு கொடியின் கட்டங்கள் கண்ணில் பட்டன. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கம்பை வாங்கிக்கொண்டு மேடையின் விளிம்பில் ஏறினேன். லிந்தோமார் என் காலடியில் சுருண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டினேன். நனைந்த கொடி கனமாக இருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. சேற்றில் நின்ற இருபது பேரும் தலைக்கவசத்தைத் திருப்பி என்னையே பார்த்தார்கள். முதல் ஓட்டுநர் கையை உயர்த்தினார். கூட்டம் எழுந்து நின்று கத்தியது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இதை இவோனெச்சியிடம் சொல்லிவிடாதீர்கள். மடக்க முடியாத அந்த விரல் மட்டும், கம்பைப் பிடித்த கையிலிருந்து பிரிந்து, முத்திரையோடு, நேராக வானத்தைக் காட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

படக்காரர்கள் கவனித்தார்கள். சில நிமிடங்களுக்குள் அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று. ஆரஞ்சு உடுப்பு, நனைந்து முகத்தின் மேல் சரிந்த அதன் தலைமுக்காடு, கட்டக் கொடி, வானத்தைச் சுட்டும் விரலில் மகாசபையின் முத்திரை. காலடியில் சுருண்டிருந்த லிந்தோமார் படத்தில் விழவில்லை. முத்திரையோடு காட்டினால் அது அதிகாரபூர்வமான அறிவிப்பு. மழை பெய்ததாக ஆகிவிட்டது.

மகாசபை தடுமாறும் என்று நீங்கள் நினைத்தால் மகாசபையை உங்களுக்குத் தெரியாது. பரிசளிப்பு மேடையில் டாக்டர் எர்சீலியு கண் கலங்கப் பேசினார்.

“நாங்கள் அவசரப்படவில்லை. மூன்று நாள் பொறுமையாக ஆராய்ந்து, சரியான நொடியில், சரியான மனிதர் மூலமாக மழையை அறிவித்தோம். அந்த வீரர் லிந்தோமார். அறிவிப்பதற்கு முன்னால் நனைந்தவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நனைந்தார்கள்.”

திங்கட்கிழமை நல்ல வெயில். அன்று தொண்டர்கள் எல்லோருக்கும் மகாசபையின் பெயர் அச்சிட்ட குடை கொடுத்தார்கள். எனக்குக் குடை இல்லை. கடிதம் வந்தது. படத்தில் ஆறாவது மேடையில் லிந்தோமார் மட்டுமே நிற்கிறார். எனவே முக்கியமான நேரத்தில் நான் மேடையில் இல்லை என்பது உறுதியாகிறது. பணியிடத்தை விட்டு ஓடிய குற்றத்துக்காக நிரந்தரமாக நீக்கப்படுகிறேன். கோபுரத்துக்குப் போய், அது நான்தான் என்று சொன்னேன். ஆதாரம் கேட்டார்கள். விரலைக் காட்டினேன். முத்திரை போட்ட விரலைப் போட்டி முடிந்ததும் திருப்பி ஒப்படைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, நாடாவை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள்.

லிந்தோமார் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தான். அதனால் யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லவில்லை. அடக்கம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மாமியார் வீட்டில் மதிய விருந்து. தொலைக்காட்சிக்கு மேலே அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். வறுத்த கோழியும் தக்காளிச் சாறு ஊற்றிய மக்கரோனியும் மேசையில் இருந்தன. மாமியார் கோப்பையைத் தூக்கி, என் மகன் லிந்தோமாருக்காக என்றார். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். விரல் பழக்கத்தில் மடங்காமல் நீட்டிக்கொண்டே நின்றது.

லிந்தோமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான்.

“அது நான் இல்லம்மா,” என்றான். “ஆட்டினது ஜூரா. எனக்குக் கை வரல, கீழ உக்காந்துட்டேன்.”

கோப்பைகள் அந்தரத்தில் நின்றன. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவோனெச்சி என் விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். இதோ, இப்போது, என்று நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

ஆனால் அவன் முடிக்கவில்லை.

“தினமும் இந்தப் படத்தப் பாக்கறேன். இவன் மேல அவ்வளவு பொறாமையா இருக்கு. சோறு எறங்கல. நான் கெட்டவன்மா,” என்று சொல்லிவிட்டு, கைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். மாமியார் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு, யாருக்கு வரும் இந்த நேர்மை என்று ஆளாளுக்கு எழுந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், ஒருவர் முதுகைத் தடவினார், கோழியின் கால் துண்டு அவன் தட்டுக்குப் போயிற்று. இவோனெச்சி அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, ஈரக் கண்ணோடு என் பக்கம் திரும்பினாள்.

“பாத்தியா, ஜூரா? பொறாமைப்பட்டாலும் எங்கண்ணன் மாதிரி படணும்.”

நான் வருடக்கணக்காகப் பொறாமைப்பட்டவன். வெயிலில் பட்டிருக்கிறேன், மழையில் பட்டிருக்கிறேன், அவன் கொடுத்த கொஷின்யாவைத் தின்றுகொண்டே பட்டிருக்கிறேன். ஒருவரும் எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. அவன் ஒரு வாரம்தான் பட்டான். அதற்கு வீடே எழுந்து நின்றது.

மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது. வெளியே தூறல் ஆரம்பித்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் மக்கரோனித் தட்டில் விழுந்தது. மழை என்று சொல்வதற்காக விரலைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை.